கார்டா ஏரியில் மோத் உலகப் போட்டி: அங்கேயும் ஆடிக்காற்று அடிக்குமா?

பாய்மரப்பைத்தியம் (18 ஜூலை 2017, இரவு 10:40)

நண்பர்களே, நேற்று ஆடி பிறந்துவிட்டது. ஊரில் அம்மா போனில், "இங்கே காற்று கதவைப் பிடுங்குது, அங்கே எப்படி?" என்று கேட்டார். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவன் நான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது இருப்பது மியூனிக். காற்றுக்காகக் காத்திருப்பதே இங்கே வாழ்க்கையாகிவிட்டது. பக்கத்தில் ஸ்டார்ன்பெர்க் ஏரி இருக்கிறது. அழகு என்றால் அழகு. ஆனால் கோடையில் பாதி நாள் கண்ணாடி போலக் கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியில் இத்தாலியின் கார்டா ஏரியில், மால்செசினே ஊரில், மோத் வகைப் படகுகளின் உலகப் போட்டி. மோத் என்பது தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் ஒற்றை ஆள் பாய்மரப் படகு. 200 படகுகளுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. சிரிக்காதீர்கள். மோத் உலகப் போட்டிக்கு வர நாட்டின் அணியில் இருக்க வேண்டும் என்றில்லை. படகும் கட்டணமும் துணிச்சலும் இருந்தால் போதும். போன ஆண்டு ஜப்பானின் ஹயாமாவில் வென்ற பால் குடிசன் வருகிறார். மூன்று வாரத்துக்கு முன் பெர்முடாவில் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் போட்டியை நியூசிலாந்துக்காக வென்ற பீட்டர் பர்லிங்கும் வருகிறார். அவர்களோடு ஒரே கரையில் நின்று நானும் ஈர உடையைப் பிழிவேன். தகுதிச் சுற்று முடிந்ததும் முன்னால் வந்தவர்களைக் கோல்ட், மற்றவர்களைச் சில்வர் என்று பிரிப்பார்கள். சில்வரில் கடைசி ஆளாக இல்லாமல் இருப்பதே என் லட்சியம்.

இப்போது கேள்வி. நான்கு நாளாகத் தூங்குவதற்கு முன்பும் எழுந்தவுடனும் வானிலை ஆப்தான் பார்க்கிறேன். மனைவி போனைப் பிடுங்கி வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. மால்செசினேக்கு எல்லா நாளும் பிற்பகலில் 5 நாட், 6 நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) காற்று என்று காட்டுகிறது. ஆனால் கார்டா போனவர்கள் எல்லோரும், "அங்கே மதியமானால் தெற்கிலிருந்து 'ஓரா' வந்துவிடும், 15 நாட் நிச்சயம்" என்கிறார்கள். யாரை நம்புவது?

எனக்கு இது சும்மா ஆர்வம் இல்லை. என் எடை 84 கிலோ. பழைய மாக் 2 படகு. கையில் இரண்டு மெயின் ஃபாயில் (தண்ணீருக்குள் இருந்து படகைத் தூக்கும் இறக்கை) இருக்கின்றன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியது சீக்கிரம் தூக்கும். ஆனால் காற்று ஏறினால் இழுவை அதிகம், ஓடாது. சிறியது காற்றில் பறக்கும். குறைந்த காற்றில் என்னைத் தூக்கவே தூக்காது. எதைப் பொருத்திப் பழகிக்கொண்டு போவது என்று இந்த வார இறுதிக்குள் முடிவெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன்.

போன ஆண்டு இதே ஏரியில் ஒரு சின்னப் போட்டிக்குப் போய், மூன்று நாளில் ஒரே ஒரு ரேஸ் ஓடிவிட்டுத் திரும்பிய கதை தனி. கரையில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒத்திவைப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டே புல்தரையில் படுத்திருந்தோம். ஐஸ்கிரீமுக்கு ஆன செலவைச் சொன்னால் வீட்டில் பிரச்சினை ஆகும்.

---

மெரினா_லேசர் (19 ஜூலை, காலை 7:15)

அண்ணா, வாழ்த்துகள். நான் சென்னைத் துறைமுகத்தில் லேசர் வகைச் சாதாரணப் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். மோத்தை யூடியூபில் பார்த்ததோடு சரி. ஒரு சந்தேகம்: 6 நாட்டுக்கும் 9 நாட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? லேசரில் 6 நாட்டில் கொஞ்சம் மெதுவாகப் போவோம், 9இல் கொஞ்சம் வேகமாகப் போவோம். நீங்கள் ஏதோ உயிர் போகிற மாதிரி எழுதியிருக்கிறீர்களே.

---

பாய்மரப்பைத்தியம் (19 ஜூலை, காலை 8:02)

தம்பி, உயிர் போகிற விஷயம்தான். உன் லேசரின் உடல் மட்டுமே 59 கிலோ. மோத் பாயோடும் பாய்மரத்தோடும் சேர்த்தே 30 கிலோ பக்கம்தான். நீளம் 3.355 மீட்டர், இரண்டு பக்க இறக்கையோடு அகலம் 2.25 மீட்டர். பாய் 8 சதுர மீட்டர், உன் பாயைவிட ஒரு சதுர மீட்டர்தான் கூடுதல். உடல் பென்சில் மாதிரி ஒடுங்கியது. நின்ற இடத்தில் மிதக்கக்கூடத் தெரியாத படகு. கயிற்றை விட்டுவிட்டு மூக்கைச் சொறிந்தால் கவிழும்.

கீழே ஒரு மீட்டர் ஆழத்தில் T எழுத்தைத் தலைகீழாக வைத்த மாதிரி ஒரு ஃபாயில், சுக்கானின் அடியில் இன்னொன்று. தண்ணீருக்குள் இருக்கும் விமான இறக்கை என்று வைத்துக்கொள். படகு 8, 9 நாட் வேகம் எடுத்தால் அந்த இறக்கை என்னையும் படகையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். தூக்கியதும் உடலின் உராய்வு மொத்தமும் போய்விடுகிறது, ஒரே தாவலில் வேகம் இரட்டிப்பாகிறது. முன்மூக்கில் ஒரு குச்சி தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வரும், வாண்ட் என்போம். படகு உயர ஏறினால் குச்சி கீழே தொங்கும். அது கம்பி வழியாக ஃபாயிலின் பின் விளிம்பில் உள்ள ஃபிளாப்பை அசைத்துத் தூக்கலைக் குறைக்கும். படகு தாழ்ந்தால் மறுபடி கூட்டும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஒரு குச்சியும் கம்பியும்தான். சுக்கான் ஃபாயிலை நாமே கைப்பிடியைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

ஆக 6 நாட் காற்றில் நான் இடுப்பளவு ஈரத்தில் வாத்து மாதிரி மிதப்பேன். 9 நாட்டில் பறப்பேன். நடுவில் உள்ள அந்த மூன்று நாட்தான் என் கோடை விடுமுறையின் விதி. அதிலும் 70 கிலோ ஆள் 7 நாட்டில் எழும்பி என்னைச் சுற்றிப் பறக்கும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

---

ஏரிக்கரையான் (19 ஜூலை, பிற்பகல் 1:30)

நான் சுவிஸில் இருக்கிறேன், பிறந்தது பருத்தித்துறை. மோத் ஓட்டுகிறவன் இல்லை, வயது போய்விட்டது. ஆனால் இருபது வருடமாகக் கார்டாவுக்கு மகனின் படகைக் கட்டிக்கொண்டு போய்வருகிறேன். காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, தம்பி, அந்த ஆப்பில் வரும் எண்ணை மறந்துவிடு. ஐரோப்பிய வானிலைக் கணினி மாடல் 9 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக் கணக்குப் போடுகிறது. அமெரிக்க மாடல் 13 கிலோமீட்டர். ஏரியின் வடக்குப் பாதியோ குறுக்கே நாலு கிலோமீட்டர் சொச்சம்தான். ஏரி கடல்மட்டத்திலிருந்து 65 மீட்டர், அதன் கிழக்குக் கரையிலேயே மொந்தே பால்டோ 2,218 மீட்டருக்கு நிற்கிறது. இந்தப் பெரிய சுவரையும் ஒடுங்கின தண்ணீரையும் மாடல் ஒன்றாகக் கலந்து சாய்வாக ஒரு மேடு என்று நினைத்துக்கொள்கிறது. அதற்கு அங்கே ஒரு ஏரி இருப்பதே வடிவாகத் தெரியாது. பேந்து எப்படி ஓராவைச் சொல்லும்?

அங்கே இரண்டு காற்று. இரவில் மலைகள் குளிர்ந்து, கனத்த காற்று பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே சமவெளிக்கு இறங்கும். அது பெலேர். விடியும்போது பலமாக இருக்கும், பத்து, பதினொரு மணிக்கு அடங்கிவிடும். பிறகு ஒரு மணித்தியாலம் செத்த அமைதி. சூரியன் மலைச்சரிவைச் சுடவைத்ததும் அங்கே காற்று மேலே எழும்ப, தெற்கே உள்ள போ ஆற்றுச் சமவெளியிலிருந்து காற்று ஏரி வழியாக உள்ளே இழுபடும். அதுதான் ஓரா. பெலேரை விட இதமானது, ஒரே சீராக அடிக்கும். ஏரி வடக்கே போகப் போக ஒடுங்குவதால் தோர்போலே, ரீவா பக்கம் ஓரா இன்னும் பலம். மால்செசினேயில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

நான் பார்ப்பது இதுதான். காலை பெலேர் நேரத்துக்கு அடித்து நேரத்துக்கு அடங்கினதா? பதினொரு மணிக்குப் பால்டோவின் உச்சியில் பஞ்சு மாதிரிச் சின்ன முகில் வைக்கிறதா? எதிர்க்கரை கொஞ்சம் மங்கலாகப் புகைபோலத் தெரிகிறதா? மூன்றும் ஓம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் பாயைக் கட்டு. எதிர்க்கரையின் வீட்டுச் சன்னல் எண்ணலாம் போலத் துல்லியமாகத் தெரிந்தால் வடக்குக் காற்று மேலே நிற்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஓரா வராது, அல்லது வந்தும் வலிமை இராது. நீ போன வருடம் புல்லில் படுத்திருந்த மூன்று நாளும் படங்களில் வானம் மிக அழகாக இருந்திருக்குமே?

---

பாய்மரப்பைத்தியம் (19 ஜூலை, பிற்பகல் 3:11)

ஐயா, இப்போதுதான் போன ஆண்டுப் படங்களை எடுத்துப் பார்த்தேன். வானம் நீலமோ நீலம். எதிர்க்கரையில் பாறை வெடிப்புகூடத் தெரிகிறது. "என்ன அருமையான நாள், ஆனால் காற்றுதான் இல்லை" என்று நானே கீழே எழுதிவைத்திருக்கிறேன். அந்த "ஆனால்" இருக்க வேண்டிய இடத்தில் "அதனால்" இருந்திருக்க வேண்டும் போல.

---

மெரினா_லேசர் (19 ஜூலை, மாலை 6:45)

ஐயா சொல்வதைப் படித்ததும் ஆச்சரியமாக இருந்தது. எங்கள் கதையும் இதேதான். மே, ஜூனில் நிலம் காய்ந்ததும் கடற்காற்று உள்ளே வரும். மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். பதினொரு மணிக்கு வர வேண்டியது மூன்று மணிக்கு வரும், சில நாள் வரவே வராது. அன்றைக்குத்தான் நகரமே வெந்துபோகும். நாங்களும் அதுவரை படகுக் கொட்டகை நிழலில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆக ஓரா என்பது ஏரிக்குள் வரும் கடற்காற்று, வடக்குக் காற்று என்பது எங்கள் மேல்காற்று. சரிதானே?

---

ஏரிக்கரையான் (19 ஜூலை, இரவு 8:20)

சரிதான் தம்பி, வடிவாகப் பிடித்துவிட்டாய். எங்கள் ஊரில் சோழகம் என்ற தென்காற்று பெயர்ந்தால் கிழவர்கள் மணலில் காலை வைத்தே சொல்லுவார்கள். எனக்கு அந்த ஞானம் இல்லை, அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். போல்சானோவின் அழுத்தத்தையும் பிரேஷாவின் அழுத்தத்தையும் பார். போல்சானோ மலைக்கு உள்ளே, பிரேஷா சமவெளியின் ஓரம். கடல்மட்டத்துக்குச் சரிசெய்த எண்ணாக இருக்க வேண்டும், அது முக்கியம். மதியம் போல்சானோவில் அழுத்தம் குறைவாக இருந்தால் காற்று தெற்கிலிருந்து உள்ளே போகப் பார்க்கும். கூடுதலாக இருந்தால் வடக்குத்தான். வித்தியாசம் கூடக்கூட நம்பிக்கையும் கூடும். மாடல்கள் காற்றில்தான் பிழைவிடும். அழுத்தத்தை ஓரளவு ஒழுங்காகவே சொல்லும்.

இன்னொன்று, கட்டாயம் சொல்ல வேண்டியது. ஜூலைக் கடைசியில் பின்னேரத்தில் இடி முழக்கம் சாதாரணம். அந்தப் பஞ்சு முகில் காலிஃப்ளவர் போலக் கட்டிக்கொண்டு மேலே போய் அடி கறுத்தால் ஓரா சட்டென்று விழும். அந்த அமைதியை "ஆ, காற்றுப் போச்சே" என்று பார்த்துக்கொண்டு நிற்காதே, கரைக்கு வா. அடுத்தது எந்தத் திசையிலிருந்தும் வரலாம், வந்தால் கொஞ்சமாக வராது. இங்கே சூரிச் ஏரியில் கரையில் செம்மஞ்சள் விளக்கு வைத்திருக்கிறார்கள்: நிமிடத்துக்கு 40 தரம் மின்னினால் கவனம், 90 தரம் மின்னினால் ஓடிவா. உன் ஸ்டார்ன்பெர்க்கிலும் அதே ஏற்பாடுதான். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் விளக்கைத் தேடிக்கொண்டிருக்காமல் வானத்தைப் பார்.

---

பக்கவாத்தியம் (19 ஜூலை, இரவு 11:05)

படகு பற்றி ஒன்றும் தெரியாதவன் ஒரு சின்னச் செய்தியோடு உள்ளே வருகிறேன். இந்த ஏரிக் காற்றில் மாட்டிய பெரிய மனிதர் ஒருவர் உண்டு, ஜெர்மன் கவி கெதே. 1786 செப்டம்பரில் விடியுமுன் தோர்போலேயிலிருந்து இரண்டு துடுப்புக்காரர்களோடு தெற்கே கிளம்பினார். முதலில் காற்று சாதகம். உங்கள் பெலேராகத்தான் இருக்கும். பிறகு திசை மாறி எதிரே அடிக்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் மால்செசினேயில் கரை ஒதுங்கினார். சும்மா இருக்காமல் அங்கிருந்த பழைய கோட்டையைப் படம் வரைய உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் கூடி, ஆஸ்திரிய ஒற்றன் என்று சந்தேகப்பட்டுப் பிடித்துவைக்கப் பார்த்தார்கள். பேசிச் சமாளித்துத் தப்பித்தார்.

எனவே, பாய்மரப்பைத்தியம் அவர்களே, காற்று இல்லாவிட்டால் புல்லில் படுங்கள். கோட்டையை வரையாதீர்கள்.

---

பாய்மரப்பைத்தியம் (20 ஜூலை, இரவு 9:50)

எல்லோருக்கும் நன்றி. பக்கவாத்தியம், அந்தக் கோட்டை போட்டித் திடலிலிருந்து பார்த்தாலே தெரியும். ஐந்தாறு முறை போயிருந்தும் இந்தக் கதை தெரியாது.

ஃபாயில் முடிவு: பெரியதைப் பொருத்துகிறேன். ஏரிக்கரையான் ஐயா சொன்னதை வைத்து யோசித்தேன். ஓரா முழுப் பலத்தோடு வரும் நாளில் பெரிய ஃபாயிலோடு போனால் நேர்வேகத்தில் சிலரிடம் தோற்பேன். எப்படியும் தோற்கத்தான் போகிறேன். ஓரா அரைமனதாக வரும் நாளில் சிறிய ஃபாயிலோடு போனால் பறக்கவே மாட்டேன், ரேஸ் முழுக்க வாத்துதான். இரண்டில் எந்த அவமானம் தேவலை என்று பார்த்தால் முதலாவதுதான். சிறியது காரின் பின்சீட்டில் போர்வை சுற்றி வரும். அழுத்த வித்தியாசம் நாலு நாள் தொடர்ந்து நன்றாக இருந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

ஆப்பை நீக்கிவிட்டேன் என்று சொல்ல ஆசை. நீக்கவில்லை. ஆனால் காற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு அழுத்தமும் முகிலும் மட்டும் பார்க்கிறேன். இன்று மதியம் ஆபீஸில் போல்சானோ, பிரேஷா இரண்டையும் எக்செலில் போட்டு வரைபடம் வரைந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "என்ன புது ப்ராஜெக்ட்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்குக் காற்றைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு, இங்கே எழுதாமல் இருந்தேன். தொடக்கக் கோடு. நூறு படகு ஒரே கோட்டை நோக்கி 15, 20 நாட் வேகத்தில் பறந்து வரும். ஒவ்வொன்றின் அடியிலும் கத்தி போன்ற கார்பன் இறக்கை. லேசரில் இடித்தால் மன்னிப்புக் கேட்கலாம். இங்கே தையல் போட வேண்டிவரும். ஹெல்மெட், மார்புக் கவசம், கைநீள உடை எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. பின்வரிசையில் ஐந்து நொடி தாமதமாகத் தொடங்குவது என்று முடிவு. குடிசன் முன்னால் போகட்டும், நான் தடுக்கவில்லை.

---

மெரினா_லேசர் (20 ஜூலை, இரவு 10:20)

அண்ணா, காலையில் பெலேரில் ரேஸ் வைக்க மாட்டார்களா? காற்றுதான் பலமாக இருக்கிறதே.

---

ஏரிக்கரையான் (20 ஜூலை, இரவு 10:48)

வைப்பதும் உண்டு. ஓரா வராது என்று தெரிந்தால் நடுவர்கள் விடியக் காலமே தண்ணீருக்கு இறக்குவார்கள். ஆனால் பெலேர் குத்துக் குத்தாக அடிக்கும், அலையும் முரடு. மோத்துக்கு அலை பிடிக்காது. ஃபாயில் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அணியம் (படகின் முன்மூக்கு) நேரே தண்ணீருக்குள் குத்தும். தம்பி, பழக வேண்டுமென்றால் ஆறு மணிக்கு எழும்பி அதில் இரண்டு நாள் ஓட்டிப்பார். ஓராவில் ஓட்ட எல்லோருக்கும் தெரியும். கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு போ. ஜூலை என்று பார்க்காதே, விடியற்காலைக் காற்று மலையிலிருந்து வருகிறது.

---

பாய்மரப்பைத்தியம் (20 ஜூலை, இரவு 11:30)

கம்பளி எடுத்துக்கொண்டேன் ஐயா. அம்மா பின்னிக் கொடுத்த குல்லாவும் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் போகுமா என்று போட்டுப் பார்த்தேன். போகிறது, ஆனால் காது கேட்கவில்லை.

காலை நாலு மணிக்குக் கிளம்புகிறேன். ப்ரென்னர் கணவாயில் விடுமுறை நெரிசல் கூடுமுன் தாண்டிவிட வேண்டும். கணவாயின் மேலே கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்துவிட்டு, போகும் வழியில் போல்சானோவில் ஒரு காபி. தோர்போலேக்கு இறங்குமுன் நாகோ என்று ஒரு சின்ன ஊர் வரும். அதைத் தாண்டியதும் ஒரு வளைவு, அங்கேதான் ஏரி முதல்முறை முழுதாகக் கண்ணில் படும். தண்ணீரில் வெள்ளை நுரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்த வளைவில் படகு கட்டிய கார்கள் எல்லாம் மெதுவாகும். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். நான் ஒரு மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி கணக்குப் போட்டிருக்கிறேன். படம் எடுத்து இங்கே போடுகிறேன். எதிர்க்கரை மங்கலாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.